டி-அலை மீகடத்தி: காமாவை எப்படி மாற்றினாலும் 0.011 வருகிறது, எங்கே பிழை?

கொக்குவில்காரன்:
யாழ். பல்கலையில் பௌதிகவியல் இறுதியாண்டு. டி-அலை மீகடத்தியில் (மின்தடையின்றிக் கடத்தும் பொருள்; இந்த வகையில் சக்தி இடைவெளி திசைக்குத் திசை மாறும், சில திசைகளில் பூச்சியமாகும்) மாசு கலந்தால் தாழ் வெப்பநிலையில் தன்வெப்பக் கொள்ளளவு எப்படி மாறும் என்று பைத்தனில் கணிக்கிறேன். தூய மாதிரியில் அது வெப்பநிலையின் வர்க்கத்தோடு போகும். மாசு இருந்தால் அடியில் நேர்கோட்டு உறுப்பு ஒன்று எஞ்ச வேண்டும். அதன் அளவைச் சக்தி பூச்சியத்திலுள்ள நிலை அடர்த்திதான், அதாவது அங்கே இலத்திரன்களுக்கு எத்தனை நிலைகள் உள்ளன என்பதுதான், தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு மாசும் இலத்திரன்களை மெதுவாகச் சிதறடிக்கும் மென்சிதறலில், அதாவது போர்ன் எல்லையில், அந்த அடர்த்தி மீகடத்தாத சாதாரண நிலையில் இருப்பதன் 0.011 பங்கு வருகிறது. சிதறல் வீதம் காமாவைப் பத்து மடங்கு கூட்டினாலும் குறைத்தாலும் அதே 0.011தான். மாசு பலமாகச் சிதறடிக்கும் வன்சிதறலில், யூனிட்டரி எல்லையில், வந்த விடையைத் திரும்பத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுக் கணிக்கும்போது அது ஒரு சுற்றில் ஏறுகிறது, அடுத்ததில் இறங்குகிறது. 20 சுற்றில் நிறுத்திவிடுகிறேன். கோணச் சராசரிக்கு 0 முதல் 359 வரை ஒவ்வொரு பாகையாக எடுத்தேன். எல்லாச் சக்திக்கும் ஓடவிட்டால் விடிந்துவிடும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

சுண்ணாகம்77:
காந்தத்தன்மை இல்லாத மாசு மீகடத்தியைப் பெரிதாகப் பாதிக்காது என்று 1959இலேயே பௌதிகவியலாளர் ஆண்டர்சன் காட்டினார்தானே? இரண்டு எல்லையிலும் பூச்சியம்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பருத்தித்துறை மாஸ்டர்:
சுண்ணாகம், அது எஸ்-அலைக்கு, இடைவெளி எல்லாத் திசையிலும் ஒரே குறியோடு இருக்கும் வகைக்கு. டி-அலையில் இடைவெளியின் குறி திசைக்குத் திசை மாறுகிறது, சிதறல் நேரையும் மறையையும் ஒன்றாகக் கலந்துவிடும். இற்றியம்-பேரியம்-செம்பு ஒட்சைட்டில் செம்பின் இடத்தில் கொஞ்சம் நாகம் (சிங்க் உலோகம்) போட்டாலே நிலைமாறு வெப்பநிலை, அதாவது மீகடத்தியாக மாறும் வெப்பநிலை, விழுகிறது. நாக அயனுக்கோ காந்தத்தன்மை கிடையாது.

தம்பி, 4ஐ 360ஆல் பிரித்துப் பாரும். 0.0111! இடைவெளி பூச்சியமாகும் கணுக்கள் 45, 135, 225, 315 பாகைகளில் இருக்கின்றன. உம்முடைய புள்ளிகளில் நான்கு சரியாக அவற்றின் மேலேயே குந்துகின்றன. ஒவ்வொன்றும் முழு 1ஐக் கொடுக்கிறது. அதனால்தான் காமாவை மாற்றியும் அசையவில்லை, அதில் பௌதிகம் ஒன்றும் இல்லை. புள்ளிகளை அரைப் பாகை தள்ளும், அல்லது சராசரியை நீள்வளையத் தொகையீடாக எழுதும். பைத்தன் நூலகமான சைப்பையில் அதற்குள்ள சார்பு மெய்யெண்ணை மட்டும்தான் ஏற்கும், சக்தி பூச்சியத்துக்கு அது போதும். மற்றச் சக்திகளுக்குக் கலப்பெண்ணையும் ஏற்கும் எம்பிமேத் நூலகத்தை எடும். இரண்டுமே கேட்பது தொகையீட்டின் மட்டின் (modulus) வர்க்கத்தை, மட்டை அல்ல. பலர் தடுக்கி விழும் இடம் அது.

போர்னில் எஞ்சும் அடர்த்தி காமாவின் தலைகீழோடு அடுக்குக்குறியாகச் சுருங்கும். காமா இடைவெளியின் ஆயிரத்தில் ஒன்று என்றால் கணினிக்கு அது பூச்சியம்தான்.

யூனிட்டரியில், சிதறலால் சக்தியில் சேரும் கற்பனைப் பகுதி, காமாவை அடர்த்தி விகிதத்தால் வகுத்தால் வருவது. பெரிய எண்ணைக் கொடுத்தால் சிறியது திரும்பும், சிறியதைக் கொடுத்தால் பெரியது. உம்முடைய சமன்பாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறக்குறைய 0.8 மடங்காகத்தான் குறையும், அதுவும் குறி மாறி மாறி. பழைய விடையையும் புதியதையும் பாதிப் பாதி கலந்து அடுத்த சுற்றுக்குக் கொடும், சில சுற்றில் அடங்கிவிடும். தொடக்க மதிப்பைப் பூச்சியமாக மட்டும் வைக்காதேயும்.

கொக்குவில்காரன்:
மாஸ்டர், அரைப் பாகை தள்ளினேன், போர்ன் பூச்சியத்துக்குப் போய்விட்டது. யூனிட்டரியில் அதே ஆயிரத்தில் ஒன்றுக்கு 0.059. இவ்வளவு பெரிதாகவா வரும்?

பருத்தித்துறை மாஸ்டர்:
வரும், சரியான விடை அதுதான். கற்பனைப் பகுதி இடைவெளியின் 0.017 ஆக இருக்க வேண்டும், பாரும். அதே காமா நிலைமாறு வெப்பநிலையைக் குறைப்பதோ ஏறக்குறைய 0.17 சதவீதம்தான். நிலைமாறு வெப்பநிலையை மட்டும் அளந்தவர் மாதிரி சுத்தம் என்பார், கொள்ளளவை அளந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். எனக்கு இந்தப் பாடத்தில் பிடித்த இடமே இதுதான்.

கொக்குவில்காரன்:
சரி மாஸ்டர். மேற்பார்வையாளர் தந்த பரிசோதனை வரைபில், கொள்ளளவை வெப்பநிலையால் வகுத்துப் போட்ட கோடு அடியில் மேல்நோக்கி வளைகிறது. என் கணிப்பில் அப்படி இல்லை.

பருத்தித்துறை மாஸ்டர்:
அது பெரும்பாலும் சொட்கி உறுப்பு, தனித்து நிற்கும் காந்தத் திருப்பங்களின் (ஸ்பின்களின்) வேலை. மேலே சொன்ன இற்றியம் ஒட்சைட்டில் பேரியம்-செம்பு ஒட்சைட்டுக் கலப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதுண்டு, அதுவும் காந்தத்தன்மை உள்ளது. பொருத்தும்போது சொட்கிக்குத் தனி உறுப்புப் போடும். காந்தப்புலம் போட்டு எடுத்த தரவு இருந்தால் கேட்டு வாங்கும். சொட்கி முகடு புலத்தோடு மேல் வெப்பநிலைக்கு நகரும், மாசு தந்த நேர்கோட்டு உறுப்புக்கு அப்படி நகர முகடு ஒன்றும் இல்லை. ஆனால் கணுக்களின் பங்கும் தூய மாதிரியில் புலத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்று பௌதிகவியலாளர் வொலோவிக் 1993இல் காட்டியிருக்கிறார். அதையும் கணக்கில் எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.