புதிய பெரிய எஸ்யூவி: ஆயில் மட்டம் ஏறுகிறது, பேட்டரி எச்சரிக்கை வருகிறது, இந்நிலையில் துணைக்கருவிகள் பொருத்தலாமா?

கேள்வியாளர்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வரிசை இருக்கைகளும், தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட முழு அளவு டீசல் எஸ்யூவி ஒன்றை அண்மையில் வாங்கினேன். முதல் சர்வீஸ் இன்னும் வரவில்லை. வண்டி பெரும்பாலும் பள்ளிக்கும் அலுவலகத்துக்குமாகச் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறது; நீண்ட பயணம் எப்போதாவதுதான்.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. வண்டியை எடுத்த அன்று இரு கோடுகளுக்கும் நடுவில் இருந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இடையில் யாரும் ஆயில் ஊற்றவில்லை. குறைய வேண்டிய ஒன்று எப்படிக் கூடும் என்பது விளங்கவில்லை. அடுத்ததாக, டேஷ்கேம் பொருத்திய பிறகு வண்டியைச் சில நாள்கள் எடுக்காமல் விட்டால், பேட்டரி குறைவு என்ற எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. ஸ்டார்ட் ஆகாமல் போனதில்லை.

இவை தவிர டோ பார் (டிரெய்லர் இழுப்பதற்கான கொக்கி), கூரை கேரியர், இருக்கை உறை, அடிப்பகுதிக்கு ரப்பர் பூச்சு ஆகியவற்றையும் செய்துகொள்ள எண்ணியிருக்கிறேன். எதை முதலில் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீசல் பட்டறை:

வணக்கம் நண்பரே. கூடியிருப்பது ஆயில் அல்ல, அதில் கலந்திருக்கும் டீசலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்கள் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், எஞ்சின் தானாகவே வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, தேங்கிய கரியை எரித்துவிட வேண்டும். இந்தச் சூட்டுக்காகப் பல எஞ்சின்களில் டீசலின் வழக்கமான எரிதல் முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் சிறிதளவு டீசல் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் இறங்கிவிடுகிறது. எரிப்பு ஒரே மூச்சில் முடிந்துவிட்டால் இறங்கும் அளவு சொற்பம். நீங்கள் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே பள்ளி வாசலில் எஞ்சினை நிறுத்திவிடுவதால், அது மறுபடி மறுபடி தொடங்கி, ஒவ்வொரு தொடக்கத்திலும் இன்னும் கொஞ்சம் டீசலை இறக்குகிறது.

எரிப்பு நடப்பதைத் தனி விளக்கு காட்டாத வண்டிகளிலும் அடையாளங்கள் உண்டு. நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், சிக்னலில் தானாக அணைய வேண்டிய எஞ்சின் அணையாது, வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி பலமாகச் சுழலும், முன்பக்கத்தில் சூடேறிய இரும்பின் வாடை வரும். அப்போது முடிந்தால் அணைக்காமல், தடையில்லாத சாலையில் இன்னும் 15, 20 நிமிடம் ஓட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்கு மேல் இருக்கும்படி ஓட்டுவது, கடையில் விற்கும் எந்தச் சேர்ப்பானையும்விட நல்ல பராமரிப்பு.

இப்போது மட்டத்தைச் சரியாகத்தான் பார்த்தீர்களா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் சூடாகி, சமதளத்தில் அணைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். சரிவில் நின்ற வண்டியில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். அப்படிப் பார்த்தும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதல் சர்வீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் வடித்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், ஏனென்றால் மட்டம் இறங்கினாலும் மிச்சமிருப்பது நீர்த்த ஆயில்தானே. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் அச்சு அந்த ஆயிலின் மெல்லிய படலத்தில்தான் மிதந்து சுழல்கிறது. முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். வடிகட்டியில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கணினியில் படித்துக் காட்டும்படியும் கேளுங்கள்.

புதிய ஆயில், டி.பி.எஃப். உள்ள வண்டிகளுக்கான குறை சாம்பல் வகையாக, அதாவது ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ.சி.இ.ஏ. தரத்தில் சி வரிசையில் கையேடு குறிப்பிடும் வகையாகவே இருக்க வேண்டும். கரி எரிந்து போய்விடும்; ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கி அதன் ஆயுளைக் குறைக்கும்.

நெடுஞ்சாலை:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கூடவே, சிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1,000 கி.மீ.யில் முதல் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. புது எஞ்சினில் உலோகத் துகள் வரத்தான் செய்யும்.

டீசல் பட்டறை:

அந்தப் பழக்கம் பழைய எஞ்சின்களின் காலத்தில் வந்தது. இன்றைய எஞ்சின்களில் உட்பகுதிகளின் இழைப்பு மிக நுணுக்கமானது. ஆயில் ஃபில்டரும் துகளைப் பிடித்துவிடுகிறது. கையேடு கேட்காவிட்டால் அவசியமில்லை, கேட்டால் தவிர்க்கக் கூடாது. முதல் 1,000, 1,500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமலும், ஆக்ஸிலேட்டரை அடியோடு மிதிக்காமலும், பாரம் இழுக்காமலும் இருப்பது அதைவிட முக்கியம். டோ பார் பொருத்த நினைப்பவர் இந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

மின்கம்பி:

பேட்டரி பற்றி நான் சொல்கிறேன். டேஷ்கேமை, வண்டி நின்றிருக்கும்போதும் பதிவு செய்யும் முறையில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நிலையில் அது ஏறத்தாழ 0.3 ஆம்பியர் இழுக்கும் என்றால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. ஐந்து நாளில் 36. பேட்டரி 80 ஆம்பியர் மணி என்றாலும் அது முழுதாக நிரம்பியிருக்கும் என்று நம்ப வேண்டாம். இன்றைய ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளைச் சேமிப்பதற்காகப் பேட்டரியை முழுவதும் நிரப்பாமல் ஓரளவு காலியாகவே வைத்திருக்கும்படி கட்டுப்படுத்தப்படுகின்றன, குறுகிய ஓட்டத்தில் இழந்ததை ஈடுகட்ட நேரமும் கிடைப்பதில்லை. ஆக, எச்சரிக்கை வருவதில் வியப்பில்லை. வண்டி பழுது என்று முடிவுகட்டுமுன் கேமராவின் ஃபியூஸை எடுத்துவிட்டு அதே அளவு நாள்கள் நிறுத்திப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மின்னழுத்தம் அளங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் பேட்டரி நிறைவாக இருக்கிறது, 12.2 அளவில் என்றால் ஏறத்தாழப் பாதி. கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் போன பிறகு, வண்டியின் எல்லா மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் உறங்கியதும், வண்டி இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குறையில்லை. ஸ்மார்ட் சாவியை வண்டிக்கு மிக அருகில் மாட்டி வைத்திருந்தால் சில வண்டிகள் உறங்கவே மாட்டா, அதையும் கவனியுங்கள்.

பேட்டரியின் எதிர்முனைக் கவ்வியில் சிறு பெட்டி போல ஒரு உணரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கேமராவின் கறுப்புக் கம்பியை நேராக எதிர்முனையில் மாட்டக் கூடாது. வண்டியின் உடலில் குறிக்கப்பட்ட எர்த் முனையில் இணைத்தால்தான் வெளியேறும் மின்சாரம் உணரியைக் கடந்து போகும், வண்டியும் சரியாகக் கணக்கு வைக்கும். கேமராவின் மின்துண்டிப்பு அளவை 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபியூஸை எடுத்தபின் எச்சரிக்கை வரவில்லை. கம்பி நேராக எதிர்முனையில்தான் இருந்தது. பொருத்திக் கொடுத்த இடத்திலேயே சொல்லி மாற்றிக்கொண்டேன். ஆயிலை மாற்றிவிட்டார்கள், கரி அளவு அதிகமாக இருந்ததால், கணினி வழியாக எரிப்பை நடத்தி முடித்துக் கொடுத்தார்கள். அடுத்து, டோ பார் பற்றிக் கேட்கலாமா? கையேட்டில் இழுவைத் திறன் 3,000 கிலோ என்றிருக்கிறது. நான் இழுக்க நினைக்கும் டிரெய்லர் 1,500 கிலோதான் என்பதால் கவலையில்லை அல்லவா?

நெடுஞ்சாலை:

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இழுவைத் திறனை மட்டும் பார்ப்பவர்கள் வண்டியின் மொத்த எடை வரம்பை மறந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,200 கிலோ, வெற்று எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700. ஏழு பேர் ஏறினால் தலைக்கு 70 கிலோ வீதம் 490 போய்விடும். டிரெய்லரின் முனை டோ பார் பந்தின் மீது அமுக்கும் எடை பொதுவாக அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 1,500 கிலோவுக்கு அது 150. டோ பாரும் கூரை கேரியரும் சேர்ந்து 60 என்றால் கணக்கு சரியாக 700ஐத் தொட்டுவிடுகிறது, ஒரு பெட்டிகூட இன்னும் ஏறவில்லை. சில நாடுகளில் ஓட்டுநருக்கான 75 கிலோ வெற்று எடையிலேயே சேர்க்கப்படுவதால், உங்கள் பதிவு ஆவணத்தில் எந்தக் கணக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைக்கும் தனி வரம்பு உண்டு. 100 கிலோ என்று எழுதியிருந்தால் கேரியரின் எடையும் அதற்குள்தான் அடங்கும். 30 கிலோ இரும்புக் கேரியரை ஏற்றிவிட்டுச் சாமானுக்கு 100 கிலோ என்று எண்ணக் கூடாது. இவ்வளவு உயரமான வண்டியில் எடையை மேலே ஏற்றுவது வளைவில் சாய்வைக் கூட்டும் என்பதால், உங்கள் பயன்பாட்டுக்குக் கேரியரே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இருக்கை உறையில் ஒன்றே ஒன்றுதான்: முன் இருக்கையின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணித்துண்டு தைத்திருக்கும், அந்த இடத்தை மூடி இறுக்கும் உறை வேண்டவே வேண்டாம். அடிப்பகுதி ரப்பர் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். கதவடியிலும் சேசிஸிலும் தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையில் விட்ட துளைகளை அது அடைத்துவிட்டால், துரு உள்ளிருந்து தொடங்கும், வெளியே தெரியாது. கடலோரத்திலோ உப்புத் தூவும் சாலைகளிலோ ஓடும் வண்டி என்றால், துளைகளைக் காத்துச் செய்யும் மெழுகுப் பூச்சு பொருத்தம்.

கேள்வியாளர்:

டோ பார் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இறுதியாக ஒரு சந்தேகம். மழையில் மண்பாதை ஒன்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டிவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்தபின், 90 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பு, போய்விட்டதா?

சேற்றுப்பாதை:

அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபுறமாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கம் சமநிலை சார்ந்தது. எதையும் செலவழிப்பதற்கு முன் சக்கரத்தின் உட்புறத்தைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பில் சேறு அப்பி, காய்ந்து, ஒரு பக்கத்தில் மட்டும் கட்டியாக நிற்கும். வெளியிலிருந்து கழுவினால் அது போகாது. கையை உள்ளே விட்டு மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால், பெரும்பாலும் நடுக்கமும் கூடவே போய்விடும். போகாவிட்டால் மட்டும் வீல் பேலன்சிங் செய்யுங்கள்.

தார்ச்சாலை ஏறியதும் நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்தீர்களா? தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகையில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் மைய டிஃபரென்ஷியல் பெரும்பாலும் கிடையாது. திருப்பங்களில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தொலைவு உருள வேண்டியிருக்க, காய்ந்த சாலை வழுக்க இடங்கொடாததால், அந்த முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும். திருப்பும்போது வண்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால் அதுதான் காரணம்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, நீங்கள் நிரப்ப வேண்டிய அளவல்ல. பாரத்தோடு இழுக்கும் நாளில் அட்டவணையின் முழுச்சுமை வரிசையைப் பின்பற்றுங்கள்.

பேலன்சிங்குக்காகச் சக்கரத்தைக் கழற்றினால், காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதோடு விடாமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள்; 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை அதே ரெஞ்சால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.