பழைய நகராட்சி தீர்மானப் புத்தகம், மை காகிதத்தையே தின்னுது, உதவி வேணும்

டெல்டா பக்கம் ஒரு நகராட்சியோட பழைய தீர்மானப் புத்தகங்கள கேட்டலாக் பண்றோம், 1920 மாவட்ட முனிசிபாலிட்டி சட்டத்துக்கு அப்புறம் எழுதினது, குழாய்த் தண்ணி, தெருவிளக்கு, காலரா தடுப்புன்னு ஊர் வரலாறே இதுலதான் இருக்கு, வேற காப்பி கிடையாது. எல்லாம் இரும்பு மை, அதாவது இரும்பு உப்பு கலந்த அந்தக் காலத்து மை, நாளாக ஆக காகிதத்த அரிச்சிடும். எழுத்து பழுப்பாகி பின்பக்கம் வரைக்கும் ஊறிருச்சு, சேர்மன் அழுத்திக் கையெழுத்து போட்ட இடத்துல காகிதமே உதிர்ந்து ஓட்டை, போன மழைக்கு அப்புறம் இன்னும் மோசம்.

பிரஷ்ல தூசி தட்டியாச்சு, ஆசிட் இல்லாத பேப்பர் இடையில வச்சாச்சு, திறக்க முடிஞ்ச பக்கமெல்லாம் போட்டோ எடுத்தாச்சு. மைதா பசைல டிஷ்யூ (ரிப்பேருக்கான மெல்லிய காகிதம்) ஒட்டச் சொன்னாங்க, ஈரம் பட்டா மைல உள்ள இரும்பு இன்னும் பரவும்னு நிறுத்திட்டோம். லாமினேஷன் கண்டிப்பா வேணாம்.

ஜெலட்டின் பூசிக் காயவச்ச ஜப்பான் டிஷ்யூவ ரொம்ப லேசா ஈரப்படுத்தி ஒட்டுற முறைய நம்ம ஊர் வெக்கைல செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?