புதுப்பிப்பு: சிஎன்சி ரவுட்டருக்கு (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டி செதுக்குற மெஷின்) ஸ்க்ரூவும் டிரைவரும் முடிவாயிடுச்சு

அச்சை நகர்த்த டி8 லீட் ஸ்க்ரூவா (8 மிமீ சாதா திருகு தண்டு) பால் ஸ்க்ரூவா (நட்டுக்குள்ள குண்டு உருளுற திருகு தண்டு), நெமா 23 ஸ்டெப்பர் மோட்டாருக்கு எந்த டிரைவர் (மோட்டாரை ஓட்டுற சர்க்யூட்)னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, எக்ஸ் அச்சு, மேலும் கீழும் போற இசட் அச்சு ரெண்டுக்கும் 1605 பால் ஸ்க்ரூ (16 மிமீ தடிமன், ஒரு சுத்துக்கு 5 மிமீ நகரும்), நீளமான ஒய்க்கு மட்டும் 1610 (சுத்துக்கு 10 மிமீ) போட்டாச்சு, ஏன்னா நிமிஷத்துக்கு 3000 மிமீ ஓடணும்னா 1605 வந்து 600 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 600 தடவ) சுத்தணும், 1610க்கு 300 போதும், நீளமான ஸ்க்ரூவ வேகமா சுத்தினா நடுவுல சாட்டை மாதிரி ஆட ஆரம்பிச்சிடும்.

டிரைவர் டிஎம்542, சப்ளை 36 வோல்ட். வோல்டேஜ் கூட இருந்தா வேகத்துல டார்க் (மோட்டாரோட சுழற்று விசை) சட்டுனு விழாது, ஓட்டும்போதே நல்லா தெரியுது. மோட்டாருக்கு ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொண்ணையும் 8 மைக்ரோஸ்டெப்பா பிரிச்சு வச்சா 1605க்கு மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப், 1610க்கு 160.

ஒண்ணு மட்டும் கவனிங்க, பால் ஸ்க்ரூ தானா பூட்டிக்கிட்டு நிக்காது, கரன்ட் போச்சுன்னா ஸ்பிண்டில் (வெட்டுற கருவிய சுத்துற மோட்டார்) கனத்துல இசட் தானா கீழ இறங்கிடும், அதுக்கு பிரேக் வச்ச மோட்டார் பாத்து வாங்குங்க.