மறு: கிரிப்டோபயோசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

நீர்க்கரடி என்னும் நுண்ணிய விலங்கைப் பற்றி எழுதுபவர்கள், வறட்சியிலும் உறைகுளிரிலும் அது உயிர்ச்செயல்களை ஏறக்குறைய நிறுத்திவைத்துப் பிழைத்திருக்கும் கிரிப்டோபயோசிஸ் நிலைக்கு ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள்: உறக்கநிலை, மறைவாழ்வு, உயிரடக்கம். ஒன்றை முடிவு செய்துவிடுவோம். 1959இல் உயிரியலாளர் டேவிட் கெய்லின் இச்சொல்லைப் படைத்தபோது ‘மறைந்திருக்கும் உயிர்வாழ்வு’ என்ற பொருளில்தான் படைத்தார். ஆகவே மறைவாழ்வு என்பது என் பரிந்துரை.

———

> ஆகவே மறைவாழ்வு என்பது என் பரிந்துரை.

வேண்டாம் ஐயா. தமிழில் ‘மறைவு’ என்றாலே இரங்கல் செய்திதான். ‘வாழ்வு’ சேர்த்தால் போலீசுக்குப் பயந்து தலைமறைவாகத் திரிபவன் நினைவுக்கு வருகிறான். உயிரடக்கம் அதைவிட மோசம்; அடக்கம் செய்தே முடித்துவிடுகிறோம்.

உறக்கநிலை அறிவியல்படியே பிழை. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் அணிலுக்கு இதயம் துடிக்கிறது, கொழுப்பு எரிகிறது. வறண்ட நீர்க்கரடியிலோ உடல்நீர் 2, 3 விழுக்காடுதான் மிச்சம். வளர்சிதை மாற்றம் இயல்பில் 0.01 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

கிரேக்க வேரை விட்டுவிட்டு, நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போமே. அரை மில்லிமீட்டர் உடல். சுற்றியுள்ள நீர்ப்படலம் வற்றத் தொடங்கியதும் தலையை உள்ளிழுக்கிறது, எட்டுக் கால்களையும் மடக்குகிறது, நீளவாக்கில் சுருங்கிப் பீப்பாய் போலாகிறது. வெளியே தெரியும் பரப்பு குறைவதால் நீர் மெல்லத்தான் கசியும். அந்த நிதானத்தில்தான் உயிரே இருக்கிறது. காக்கும் புரதங்கள் உருவாகி, செல்லுக்குள் கண்ணாடிபோல் இறுகுவதற்கு நேரம் வேண்டும். ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ் என்ற நீர்க்கரடி இனத்தை ஈரம் மிகுந்த காற்றில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்துப் பிறகு உலர்த்தினால் பிழைக்கும். வெறும் கண்ணாடித் தகட்டில் சட்டென்று காயவிட்டால் செத்துவிடும்.

இதற்கு நம்மிடம் உள்ள வினை ஒடுங்குதல். எனவே ஒடுக்கம். வறட்சியால் என்றால் வறளொடுக்கம், உறைகுளிரால் என்றால் உறையொடுக்கம், உப்பு மிகுதியால் என்றால் உவரொடுக்கம்.

———

> எனவே ஒடுக்கம்.

வினை சரி, வடிவம் இடிக்கிறது. வேதியியல் பாடநூல்களில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினைக்கு ஒடுக்கம் என்றுதான் பெயர். வறண்ட செல்லில் ஆக்சிஜனேற்றச் சேதம் பெரிய சிக்கல் என்பதால் இரண்டும் ஒரே பத்தியில் வந்து மோதும். அரசியல் செய்தியில் வரும் ஒடுக்குமுறை வேறு.

‘ஒடுக்கு’ பிறவினை, ‘ஒடுங்கு’ தன்வினை. இங்கே யாரும் எதையும் ஒடுக்கவில்லை. விலங்கு தானே ஒடுங்குகிறது. ஆகவே ஒடுங்குநிலை. முன்னொட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: வறளொடுங்குநிலை, உறையொடுங்குநிலை, உவரொடுங்குநிலை. ‘உயிரொடுங்கல்’ என்று மட்டும் யாரும் நீட்டிவிடாதீர்கள். மூச்சு ஒடுங்கியது என்றால் ஆள் போய்விட்டார் என்று பொருள்.

———

ஒடுங்குநிலைக்கு என் ஆதரவு. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் நீர்க்கரடி சுருங்குவதில்லை. நீரை உள்ளே விட்டுக்கொண்டு விறைத்து உப்பிப்போய், அசைவற்றுச் சில நாள் தாக்குப்பிடிக்கும். அதையும் ஒடுங்குநிலை என்றால் படம் பார்க்கும் மாணவர் சிரிப்பார்.

———

> படம் பார்க்கும் மாணவர் சிரிப்பார்.

சிரிக்கட்டும், நியாயமான சிரிப்பு. ஆனால் உறைபனியிலும் எல்லா நேரமும் பீப்பாய் வடிவம் வருவதில்லை. கால் நீட்டியபடியே உறைவதும் உண்டு. அண்டார்டிக்காவில் 1983இல் எடுத்து உறையவைத்த பாசியிலிருந்து 2014இல் நீர்க்கரடி எழுந்து நடந்ததே, அதை உறையொடுங்குநிலை என்னாமல் வேறு என்ன சொல்வது? ஒடுங்குவது வளர்சிதை மாற்றம், உடல் வடிவம் அல்ல என்று வரையறையில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. ஆப்பிரிக்க ஈயான பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கியின் புழுவுக்கும் அப்போதுதான் இச்சொல் பொருந்தும். அது பீப்பாயாவதில்லை, டிரெகலோஸ் சர்க்கரையை உலர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்துக்கொண்டு சருகாகக் காய்கிறது.

ஆக்சிஜன் இல்லாத நிலையை மட்டும் தனியே விடுவோம். அது உண்மையில் கிரிப்டோபயோசிஸ்தானா என்பதிலேயே ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ‘உப்பு விறைப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உவரொடுங்குநிலையோடு குழம்பும்.

சுருங்கிய உடலுக்கு ஜெர்மானியர் 1922 முதலே சின்னப் பீப்பாய் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் பீப்பாயுரு என்று வைத்துக்கொண்டால் வேலை மிச்சம்.