14 அடி அலுமினியம் போட், 900 வெள்ளி சொல்றாங்க, எடுக்கலாமா விட்டுடலாமா?

சிப்புட் தூண்டில்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க, அனுபவம் உள்ள அண்ணன்மாருங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. நான் இருக்கறது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல, இப்ப எல்லாம் செம்பனைதான், ரப்பர் பேருக்கு நாலு மரம் நிக்குது. எங்க லயத்துக்குப் பின்னால கூரை பாதி போன பழைய ரப்பர் பால் ஸ்டோர் ஒண்ணு இருக்கு, அதை ஒட்டி ரம்புத்தான் மரத்தடியில ஒரு அலுமினியம் போட் நான் ஸ்கூல் போன காலத்துல இருந்து கெடக்குது. முன்னால தோட்ட ஆபீஸ்ல கணக்கு எழுதுன பெரிய கிராணியோடது. அவரு போய்ச் சேந்துட்டாரு, மகன் கேஎல்ல இருக்காரு, போன் போட்டுக் கேட்டதுக்கு 900 வெள்ளி குடுத்துட்டு தூக்கிட்டுப் போங்கன்னாரு. டிரைலர் இல்ல, எஞ்சின் இல்ல, வெறும் ஓடு மட்டும்தான்.

அளந்து பாத்தேன், நீளம் 14 அடி, அகலம் நடுவுல அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி. தகட்டையெல்லாம் ரிவெட் ஆணி அடிச்சு சேத்த போட், வெல்டிங் இல்ல. எஞ்சின் மாட்டற பின்பலகை பிளைவுட்டு, கட்டவிரலை வச்சு அமுக்குனா காப்பியில முக்குன ரொட்டி மாதிரி உள்ள போகுது. தரைப்பலகை மொத்தமா மக்கிப்போயி அதுல பெரணிச் செடி மொளச்சிருக்கு. பெஞ்சுக்கு உள்ள இருக்கற நுரைய அமுக்குனா தண்ணி சொட்டுது. ஓட்டுல அங்கங்க வெள்ளையா மாவு பூத்திருக்கு, அது என்னனு தெரியல. வெளிய ரெண்டு மூணு எடத்துல நசுங்கல் இருக்கு ஆனா கிழியல.

மச்சான் குடுத்த யாமஹா 15 குதிரை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒண்ணு வீட்டுல சும்மா இருக்கு, செண்டரோ ஏரில போயி தோமான் மீனு பிடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, புது போட் வாங்கற அளவுக்கு சம்பளம் இல்ல. எங்கம்மா வேற, பழைய இரும்பு லோரிக்காரனுக்குப் போட வேண்டியத நீ காசு குடுத்து வாங்குவியானு திட்டறாங்க. உண்மையிலயே செலவு பண்ணலாமா இது?

தே தாரிக் பார்ட்டி:
அம்மா சொல்றத கேளுங்க தம்பி 😂 ஏரிக்குப் போயி வாடகை சம்பான் எடுத்தா போச்சு. நானும் ஒரு பழைய போட்டை வாங்கி ரெண்டு வருசம் வீட்டு முன்னால போட்டு வச்சிருந்தேன், கோழி முட்டை போட்டதுதான் மிச்சம்.

பழைய வெல்டர்:
மேல எழுதுன தம்பி சொல்றது விளையாட்டுக்கு, ஆனா அவசரப்பட்டு வாங்கவும் வேணாம், அவசரப்பட்டு விடவும் வேணாம். நான் லுமுட்ல கப்பல் பட்டறையில வேல செஞ்சு ரிடையர் ஆனவன், அலுமினியத்தோட நெறைய மல்லுக்கட்டியிருக்கேன்.

நீங்க சொன்ன குறையில முக்காவாசி குறையே இல்ல. பின்பலகை மக்குறது, தரை மக்குறது, நுரை தண்ணி குடிக்கறது, ரிவெட் ஒழுகறது, இதெல்லாம் பழைய போட்டுக்கு தலை நரைக்கற மாதிரி. காசும் நேரமும் போட்டா சரியாயிரும். பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தகடு. தகடு நல்லா இருந்தா போட் இருக்கு, தகடு போச்சுனா மத்தது எல்லாம் புதுசா போட்டாலும் போட் இல்ல.

அந்த வெள்ளை மாவு அலுமினியம் அரிச்ச துரு. இரும்புத் துரு சிவப்பா வரும் இது வெள்ளையா வரும், அவ்ளோதான். மேலாப்புல லேசா பூத்திருந்தா கவலை இல்ல, கம்பி பிரஸ்ஸால தேச்சா போயிரும், பித்தளை பிரஸ்ஸும் வேணாம் சாதா இரும்பு பிரஸ்ஸும் வேணாம், ஸ்டெயின்லெஸ் பிரஸ்ஸா வாங்குங்க, இல்லனா பிரஸ்ஸோட துகள் தகட்டுல ஒட்டி அதுவே புதுசா அரிக்க ஆரம்பிக்கும். ஆனா தேச்ச எடத்துல குண்டூசி குத்துன மாதிரி கருப்புப் புள்ளி, குழி தெரிஞ்சா அங்க உக்காந்து நிதானமா பாருங்க. குழி மேல சின்னதா இருக்கும், உள்ள ஆழமா போயிருக்கும். ஸ்குருடிரைவர் முனைய வச்சு கையாலயே அழுத்துங்க, சுத்தியல் வேணாம்.

ஒரு கேள்வி. அந்த போட்டை கிராணி மீன் பிடிக்க மட்டுமா வச்சிருந்தாரு, இல்ல தோட்ட வேலைக்கும் ஓட்டுனாங்களா? ஏன் கேக்கறேன்னா செம்பனைக்குப் போடற பொட்டாஷ் உரம் இருக்கே, அது பொட்டாசியம் குளோரைடு, உப்பு மாதிரிதான். உரமூட்டை வச்சு ஈரத்தோட விட்டா கடல்ல கெடந்த போட் மாதிரியே குழி குழியா அரிச்சிரும். நல்ல தண்ணி போட்டுதானேனு நம்பி ஏமாந்துறக் கூடாது.

அடுத்து தண்ணி டெஸ்ட். போட்டை தண்ணில விட்டுப் பாக்க வேணாம், தண்ணிய போட்டுல விட்டுப் பாருங்க. பழைய டயர் அடுக்கி அதுமேல தூக்கி வச்சு, உள்ள மூணு இன்ச் தண்ணி ஊத்துங்க, வெளிய கீழ படுத்துட்டு எங்கெங்க ஈரம் கசியுதோ மார்க்கர்ல வட்டம் போடுங்க. மூணு இன்ச்சுக்கு மேல வேணாம், அதுவே கிட்டத்தட்ட 300 கிலோ வரும், ஏரில தண்ணி வெளிய இருந்து தாங்கும், டயர் மேல அப்பிடி தாங்காது, முட்டு சரியில்லனா ஓடு வளைஞ்சிரும்.

கங்சார் பையன்:
அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பின்பலகை விசயத்துல அடிபட்டவன், அதனால இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். என்னோடது 12 அடி, பின்பலகை மாத்தறப்ப ஒரு ஹார்ட்வேர் கடையில இது மருந்து ஏத்துன பலகை, கரையானும் வராது தண்ணியும் ஏறாதுன்னு சொல்லி பச்சை கலர்ல ஒண்ண குடுத்தாங்க, நானும் சந்தோசமா மாட்டிட்டேன். ரெண்டு வருசத்துல பலகை கல்லு மாதிரி இருக்கு, அதைச் சுத்தி இருந்த தகடு சல்லடை. அந்த மருந்துல செம்பு இருக்குதுன்னு அப்பறம்தான் தெரிஞ்சிச்சு, ஈரத்துல செம்பும் அலுமினியமும் சேந்தா அலுமினியம்தான் கரையும். செம்பு கலந்த அடிப்பெயிண்டும் அதே கதைதான், போட்டுக்குள்ள செம்புக்கம்பி துண்டு, ஈயக்குண்டு விட்டுட்டு வர்றதும் அதே கதைதான்.

ரப்பர் பலகை சும்மா கெடைக்குதேனு அதையும் போட்டுறாதீங்க, மாவுச்சத்து உள்ள மரம், பூச்சியும் பூசணமும் விருந்து வச்சிரும். செங்கால் மரம் போடுன்னு ஒரு மாமா சொன்னாரு, திரெங்கானுவுல அந்தக் காலத்து மரப் போட்டே செங்கால்லதான் கட்டுனாங்க, ஆனா கனம், சின்ன போட்டோட பின்னால அவ்ளோ கனம் ஏத்துனா மூக்கு தூக்கிரும். மரைன் பிளைவுட் 18 மில்லி ரெண்டு வெட்டி எபோக்சி பசை போட்டு ஒட்டுங்க, வாங்கறப்ப மரைன் பிளைவுட்டுக்கான பிஎஸ் 1088 தர முத்திரை இருக்கானு பாருங்க. ஓரத்துக்கும் எபோக்சி, ஓட்டைக்கு உள்ளயும் எபோக்சி, தண்ணி ஏறறதே போல்ட் ஓட்டை வழியாதான். பழைய பலகை எவ்ளோ மக்கியிருந்தாலும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதை வச்சு கோடு போட்டுதான் புதுசு வெட்டணும், நான் தூக்கிப் போட்டுட்டு அட்டைப்பெட்டிய கிழிச்சு கிழிச்சு அளவு எடுத்தேன்.

சிப்புட் தூண்டில்:
ரொம்ப நன்றிங்க. வெல்டர் அண்ணே நீங்க எப்பிடி கண்டுபிடிச்சீங்கனு தெரியல, பக்கத்து லயத்துல இருக்கற தாத்தா ஒருத்தர்கிட்ட கேட்டேன், முன்னால ஆத்துத் தண்ணி ஏறி பாதை மூழ்குனா அந்தப் பக்கம் இருக்கற மரத்துக்கு உரமூட்டை இந்த போட்டுலதான் போகுமாம், அவரே ஏத்தியிருக்காராம், நடு பெஞ்சுக்கு முன்னால அடுக்குவாங்களாம்.

ஞாயித்துக்கெழம மச்சானும் நானும் எறங்கிட்டோம். முதல்ல மண்ணு, எலை, பெரணி எல்லாம் அள்ளுனோம், பெரணிய அம்மா வாங்கிட்டுப் போயி தொட்டியில வச்சிட்டாங்க. எட்டு டயர் மேல ஏத்தி தண்ணி ஊத்துனோம். மொதல் அஞ்சு நிமிசம் ஒண்ணும் இல்ல, நான் வேற பரவாலயேனு நெனச்சேன், அப்பறம் கீல் (அடியில நடுவுல நீளமா ஓடற முதுகெலும்பு) ஓரமா வரிசையா வேர்க்குது, ஒவ்வொரு ரிவெட்டு தலையிலயும் ஒரு துளி நின்னு நின்னு விழுது. 11 ரிவெட் எண்ணி வட்டம் போட்டேன். பின்பலகை மூலையிலயும் லேசா கசியுது.

ராத்திரி மச்சான் ஒரு வேல பண்ணாரு. தண்ணிய எறக்கிட்டு, அடைச்சிட்டு இருந்த வெள்ளை மாவயும் பிரஸ்ஸால தேச்சு எடுத்துட்டு, அவரு டார்ச் எடுத்துட்டு அடியில படுத்துட்டாரு, நான் உள்ள உக்காந்து மேல தார்ப்பாய போத்திக்கிட்டேன். கும்மிருட்டு. டார்ச்ச பின்னால இருந்து மெதுவா நகத்திட்டே வர்றாரு, ஒண்ணும் தெரியல, நடு பெஞ்சுக்கு முன்னால வந்ததும் நட்சத்திரம் மாதிரி ஒண்ணு மின்னுது, பக்கத்துல ரெண்டு, அப்பறம் இன்னும் நாலு. மொத்தம் ஏழு. எல்லாம் ரெண்டு சாண் எடத்துக்குள்ளதான். சரியா தாத்தா சொன்ன எடம். காலையில அங்க ஸ்குருடிரைவர் வச்சு அழுத்துனேன், ஒண்ணுல நுனி உள்ள போயிருச்சு. மத்த எடம் முழுக்க அழுத்திப் பாத்தேன், கெட்டியாதான் இருக்கு. மனசே விட்டுப்போச்சு, பட்டணத்துல வெல்டிங் கடையில காட்டி அடைச்சிரலாமா?

பழைய வெல்டர்:
மச்சான் கெட்டிக்காரரு. டார்ச் டெஸ்டு நான் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்.

வெல்டிங் வேணாம். நான் வெல்டரா இருந்துட்டு சொல்றேன். அரிச்சு மெல்லிசான தகட்டுல, குழிக்குள்ள உப்பும் துருவும் ஒளிஞ்சிருக்கற எடத்துல நெருப்பு வச்சா ஒரு ஓட்டைய அடைக்கறதுக்குள்ள பக்கத்துல மூணு தொறக்கும். அது மட்டும் இல்ல, சூட்டுல சுத்தி இருக்கற ரிவெட் எல்லாம் லூசாயிரும். ஒட்டுதான் போடணும். 5052னு சொல்ற அலுமினியம் தகடு, ரெண்டு மில்லி கனம், அரிச்ச எடத்தத் தாண்டி எல்லா பக்கமும் ரெண்டு இன்ச் நல்ல தகட்டு மேல உக்கார்ற மாதிரி வெட்டி, மூலைய ரவுண்டா தேச்சு, நடுவுல சிக்காபிளெக்ஸ் 291 மாதிரி மரைன் பசை நெறைய வச்சு ரிவெட் அடிங்க. வினிகர் வாசம் வர்ற சாதா சிலிக்கான் போட்டுறாதீங்க, அது அலுமினியத்தயே அரிக்கும்.

ஒழுகற 11 ரிவெட்டு சுலபம். ஒருத்தர் உள்ள கனமான இரும்புக்கட்டிய அழுத்திப் பிடிக்க இன்னொருத்தர் வெளிய தலையில தட்டுனா பாதி இறுகிரும். இறுகாதத டிரில் பண்ணி எடுத்துட்டு புதுசு. கடையில கெடைக்கற சாதா பாப் ரிவெட் வேணாம், நடுவுல ஓட்டை, உள்ள இரும்பு ஊசி மிச்சம் நிக்கும். நுனி மூடுன அலுமினியம் ரிவெட்டா கேட்டு வாங்குங்க.

நுரை மொத்தமும் எடுத்துருங்க, ஆனா நுரை இல்லாம ஏரில எறங்கிறாதீங்க, கவுந்தா போட் மெதக்கறது அதாலதான். மீன் பெட்டி வெள்ளை நுரைய போடறாங்க சில பேரு, பெட்ரோல் பட்டா கரைஞ்சிரும் அது.

குழி நடுவுல ரெண்டு சாண் எடத்தோட நின்னதால சொல்றேன், எடுக்கலாம். அதே குழி கீல் முழுக்க ஓடியிருந்தா நானே லோரிக்காரனக் கூப்புட்டிருப்பேன். ஆனா 900 குடுக்காதீங்க. டார்ச்ச மகன்கிட்ட காட்டுங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க, பழைய இரும்புக்காரரு அலுமினியத்துக்கு கிலோ என்ன குடுக்கறாருன்னு கேட்டுட்டு அந்த வெலைக்கு மேல கொஞ்சம் போட்டுப் பேசுங்க.

கங்சார் பையன்:
எஞ்சின் ஷார்ட் ஷாப்டா லாங் ஷாப்டானு, அதாவது தண்ணிக்குள்ள எறங்கற கால் குட்டையா நீட்டானு, பாத்துட்டு பின்பலகை வெட்டுங்க. ஷார்ட்டுக்கு பலகை உயரம் 15 இன்ச், லாங்குக்கு 20. நான் அதுலயும் ஒரு தடவ தப்பு பண்ணேன், அதை எழுதுனா மானம் போயிரும்.

சிப்புட் தூண்டில்:
ஷார்ட் ஷாப்டுதான் அண்ணே, அளந்துட்டேன். இருட்டுல ஏழு புள்ளி தெரியற போட்டோவ கிராணி மகனுக்கு அனுப்புனேன், ரொம்ப நேரம் பதிலே இல்ல, அப்பறம் போன் பண்ணாரு. அப்பா இதுல என்னையும் கூட்டிட்டுப் போவாருனு சொல்லிட்டு கொஞ்சம் பேசாம இருந்தாரு. 350 குடுங்க, முடிச்சிட்டு ஒரு தடவ என்னையும் ஏத்திக்கணும்னாரு. சரினுட்டேன். அம்மாகிட்ட 200னு சொல்லி வச்சிருக்கேன், யாரும் வந்து போட்டுக் குடுத்துறாதீங்க. ஈப்போ பக்கம் 5052 தகடு துண்டா வெட்டிக் குடுக்கற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, முழு ஷீட்டா எடுத்தாதான் தருவேன்னு சொல்றாங்க, எனக்கு ரெண்டடிக்கு ரெண்டடி இருந்தா போதும்.