மகளின் சுகரைக் கணிக்கப் போய்...

என் பெண்ணுக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில் சுகர் அளக்கும் சென்சார், 5 நிமிடத்துக்கு ஒரு ரீடிங், நாளைக்கு 288. இத்தனை எண்கள் வந்து விழும்போது புரோகிராம் எழுதிப் பிழைக்கும் அப்பா சும்மா இருப்பானா? ஜெனடிக் புரோகிராமிங்கில் இறங்கினேன். கண்டபடி சில நூறு சூத்திரங்களை உண்டாக்கி, அரை மணி கழித்து வரப்போகும் சுகரைக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பாதியை இன்னொன்றில் ஒட்டி, அங்கங்கே ஓர் எண்ணை மாற்றி, தலைமுறை தலைமுறையாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் பிழை ரொம்பக் குறைவு, எனக்குத் தலைகால் புரியவில்லை. சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். சுற்றி வளைத்து, இப்போது இருக்கும் சுகரையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது! தூக்கத்தில் சுகர் பெரும்பாலும் ஆடாது, அதனால் மார்க் வாங்கிவிடுகிறது. 70-க்குக் கீழே ஆபத்தாகச் சரியும்போது மட்டும் கோட்டை விடும். நமக்கு வேண்டியதே அந்த நேரம்தானே.

அப்புறம் மார்க் போடும் முறையை மாற்றினேன். 1987-இல் வந்த கிளார்க் கட்டம் (சுகர் ரீடிங் தப்பினால் எவ்வளவு ஆபத்து என்று பிரிக்கும் வரைபடம்) இருக்கிறதே, 250-ஐ 220 என்றால் விட்டுவிடும், 60-ஐ 110 என்றால் விடாது. அதை வைத்த பிறகுதான் கார்பும் (சாப்பாட்டு மாவுச்சத்து) இன்சுலினும் சூத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாம் தப்பு. விசாரித்தால், பாட்டி வீட்டு அதிரசம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

—

அண்ணா, நான் ஓஹியோ பல்கலைக்கழகம் தரும் டைப் 1 நோயாளிகளின் டேட்டாவில் ப்ராஜெக்ட் செய்தேன். 12 பேர், தலைக்கு 8 வாரம், பெயருக்குப் பதில் எண். ஒருவருக்கு வளர்த்த சூத்திரத்தை இன்னொருவர் டேட்டாவில் ஓட்டினால் சுகர் மைனஸில் வந்தது, கைடு சிரித்துவிட்டார். வகுத்தல்தான் வில்லன், கீழே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எண் வந்தால் எகிறிவிடும். அதைத் தூக்கிவிடுங்கள்.

—

சென்சார் இருக்கும் கைமேல் படுத்துத் தூங்கினாலும் பொய்யான லோ (சுகர் குறைவு) காட்டும், சார். எனக்கு வாரம் ஒரு தடவையாவது அலாரம் அடித்து, வீட்டுக்காரர் ஜூஸோடு நிற்பார், விரலில் குத்திப் பார்த்தால் 115.

—

தங்கச்சி, நல்ல விஷயம் சொன்னீர்கள். விடியற்காலை 3 மணி லோக்களை வைத்து நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இன்சுலின் அளவில் நான் கை வைக்கவில்லை, அது டாக்டர் சொல்வதுதான். இன்று ராத்திரி எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று முதலில் பார்க்கிறேன்.