சில்லறை டேட்டா: அளவு வைத்து விற்பது நியாயமா?

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில், வீட்டு முன்னால் சின்னதாக ஒரு டக் ஷாப் (பெட்டிக்கடை) வைத்திருக்கிறேன். ரொட்டி, பால், மெழுகுவத்தி, ஏர்டைம். இதில் நன்றாக ஓடுவது ஏர்டைம்தான்.

நேற்றுக் காலை எதிர்த்தெரு ஆயா வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நாலு 5 ராண்ட் காசை மேசைமேல் அடுக்கினார். "கண்ணு, டேட்டா போட்டுக் கொடு" என்றார். ஒரே நாளில் காலாவதியாகிற பொட்டலம்தான் கட்டுப்படியானது, போட்டுக் கொடுத்தேன். ஆயா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறந்தார். கேப் டவுனில் இருக்கும் மகன் பேரனின் படம் அனுப்பியிருக்கிறானாம். அந்தப் படம் வருவதற்கு முன்னால் குடும்ப குரூப்பில் சேர்ந்து கிடந்த காலை வணக்க வீடியோ எல்லாம் தானாக இறங்க ஆரம்பித்தது. வேல், மயில், ரோஜாப்பூ, பின்னால் ஒரு பாட்டு. பேரன் முகம் தெரிவதற்குள் "உங்கள் டேட்டாவில் 50 சதவீதம் தீர்ந்தது" என்று மெசேஜ் வந்துவிட்டது. ஆயா என்னைப் பார்த்தார், நான் என்னவோ எடுத்துக்கொண்ட மாதிரி.

மாதத்துக்கு மொத்தமாக வாங்குகிறவருக்கு ஒரு எம்பி என்ன விலை, ஆயாவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையே சொன்னதுதான்: சின்னப் பொட்டலம் வாங்கும் ஏழைதான் எம்பிக்கு அதிகம் கொடுக்கிறார். என் கேள்வி இதுதான். டேட்டாவை அளந்து விற்பதே எதற்கு? மாதம் இவ்வளவு, எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்று விட்டால் என்ன?

கோபுரத்தான்

அக்கா, நான் டவர் பராமரிப்பு வேலையில் இருப்பவன், அடிக்க வராதீர்கள். சில்லறை விலை எந்தச் சரக்குக்கும் கூடத்தான். உங்கள் கடையில் ஒற்றை சிகரெட்டைப் பாக்கெட் கணக்கிலா விற்கிறீர்கள்?

இரண்டாவது, செல்போன் டேட்டா என்பது குழாய் போட்டு ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுப்பது இல்லை. ஒரு டவரின் ஒரு பக்கம் இருக்கிற எல்லாரும் ஒரே அலைக்கற்றையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு நாலு பையன்கள் சினிமா இறக்கினால் ஆயாவின் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு வைக்காவிட்டால் முதலில் அடிபடுவது ஆயாதான்.

செலவையும் பாருங்கள். லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது டவரில் பேட்டரி சார்ஜ் ஏற நேரமே இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே மாளவில்லை. பேட்டரியைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனது தனிக் கதை. அலைக்கற்றையும் சும்மா வரவில்லை. 2022 மார்ச் ஏலத்தில் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 1,400 கோடி ராண்டுக்கு மேல் கட்டின. ப்ரீபெய்டு கரண்ட் மாதிரி, எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு கொடுப்பதுதான் நியாயம்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

ஒற்றை சிகரெட் வாங்கினவன் ராத்திரிக்குள் அதைக் குடிக்காவிட்டால் நான் வீடு தேடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை, தம்பி.

டொங்காட் டீச்சர்

😂 கரண்ட் உதாரணத்துக்கும் இதே பதில்தான். மீட்டரில் ஏற்றின யூனிட் ஆறு மாதம் ஆனாலும் அங்கேயே கிடக்கும்.

மிட்ராண்ட்வாசி

சும்மா இடையில் ஒரு திருத்தம். 2024 நவம்பர் 24க்கு முன் மீட்டரைப் புதுப்பிக்காதவர்களுக்குப் புது டோக்கன் (காசு கட்டி வாங்கி மீட்டரில் அடிக்கிற எண்) ஏறவில்லையே!

டொங்காட் டீச்சர்

அது உலகம் முழுக்க டோக்கனில் இருக்கும் தேதி எண் தீர்ந்துபோன சமாச்சாரம். ஏற்கெனவே ஏற்றிய யூனிட்டை யாரும் அழிக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள்.

கரண்டை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நம் நாட்டில் இல்லாதவர் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று 2001இல் கொள்கை வந்தது. டர்பனில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குமேல் போகப் போக லிட்டர் விலை ஏறும். நீச்சல் குளம் வைத்திருக்கிறவர் கடைசிக் குடத்துக்கு அதிகம் கொடுப்பார். டேட்டாவில் இது தலைகீழ். முதல் குடம்தான் யானை விலை, குளத்துக்கு ஊற்றுகிறவருக்குத் தள்ளுபடி. கோபுரத்தான் சொல்கிற மாதிரி நெரிசல்தான் பிரச்சினை என்றால், அதிகம் இழுக்கிறவரிடம்தானே அதிகம் கேட்க வேண்டும்?

2020 மார்ச் 18இல் பள்ளி மூடியது, 27இல் ஊரடங்கு ஆரம்பித்தது. படிப்புக்கான தளங்களை டேட்டா கழிக்காமல் திறந்துவிட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளைகளின் வகுப்பு நடந்தது வாட்ஸ்அப்பில். முதல் வாரம் நான் பலகை முன்னால் நின்று வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாளே ஒரு தாய் கூப்பிட்டு, "டீச்சர், வீடியோ வேண்டாம், வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒரே போன்" என்றார். அப்புறம் கணக்கை நோட்டில் எழுதிப் படம் பிடித்து, விளக்கத்தைக் குரல் பதிவாக அனுப்பினேன். படத்தையும் சின்னதாக்கி அனுப்பியதில் பின்னத்தின் கோடு மங்கிவிட்டது. 3/4 என்று நான் எழுதினதை 34 என்று படித்துக் கணக்கு போட்டவர்கள் பாதி வகுப்பு.

மிட்ராண்ட்வாசி

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நான் சென்னையிலிருந்து வந்து ஏழு வருடம் ஆகிறது. அங்கே தினம் 1 ஜிபி, 2 ஜிபி என்று அள்ளிக் கொடுக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை என்று நானும் முதல் வருடம் புலம்பினேன். பிறகு புரிந்தது. அங்கே ஒரு டவரின் கீழ் இருக்கிற கூட்டம் வேறு. 2016இல் ஜியோ இறங்கி அடித்த விலைப்போரில் எத்தனை கம்பெனி காணாமல் போனது என்பதும் தெரிந்ததுதான்.

எல்லாருக்கும் ஒரே விலை என்றால் அதை யார் சுமப்பது? என் மாமியார் வாட்ஸ்அப்பும் கந்த சஷ்டியும் மட்டும். பக்கத்து ஃபிளாட் பையன் விளையாட்டு ஒன்றை இறக்கினாலே 100 ஜிபி. இரண்டு பேரும் ஒரே மாதக் கட்டணம் கட்டினால், என் மாமியார் காசில் அவன் விளையாடுகிறான் என்று அர்த்தம். பயன்படுத்தினதற்குத் தக்க விலை என்பது ஏழைக்கு எதிரானது இல்லை. சொல்லப்போனால் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஹில்கிரெஸ்ட் புறா

புறா என்கிற என் பெயருக்குக் காரணம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 2009 செப்டம்பரில் எங்கள் பக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. ஹோவிக்கிலிருந்து ஹில்கிரெஸ்டுக்கு 4 ஜிபி தகவல் அனுப்ப வேண்டும். டர்பன் கம்பெனி ஒன்று வின்ஸ்டன் என்கிற பதினொரு மாதப் புறாவின் காலில் மெமரி கார்டைக் கட்டிப் பறக்கவிட்டது. அதே நேரத்தில் அதே தகவலை டெல்காம் கம்பெனியின் ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி இன்டர்நெட்) லைனிலும் அனுப்ப ஆரம்பித்தார்கள். புறா ஒரு மணி எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தது. கார்டைக் கழற்றி கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தபோது மொத்தம் இரண்டு மணி ஏழு நிமிடம். அதற்குள் லைனில் போயிருந்தது 4 சதவீதம்.

உலகமே சிரித்தது, எல்லாரும் வேகத்தைத்தான் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தக் காலத்தில் என் லைனுக்கு மாதம் 3 ஜிபிதான் அளவு. அதாவது புறா ஒரே பறப்பில் என் மாதக் கணக்கைத் தாண்டிவிட்டது.

அன்றைக்கும் இதே பதில்தான் கிடைத்தது. நெரிசல், செலவு, கடலடி கேபிள், அளவு வைக்காமல் முடியவே முடியாது. நம் மாகாணத்து ம்டுன்சினியில் கரையேறிய சீகாம் கடலடி கேபிள் 2009 ஜூலையிலேயே சேவைக்கு வந்திருந்தது. 2010 மார்ச்சில் எம்வெப் என்கிற இன்டர்நெட் கம்பெனி அளவே இல்லாத ஏடிஎஸ்எல்லை மாதம் 219 ராண்டிலிருந்து விற்க ஆரம்பித்தது. மற்றவர்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். முடியவே முடியாது என்றது கொஞ்ச நாளில் முடிந்தது. அதனால் முடியாது என்று யாராவது சொன்னால், யாருக்கு முடியாது என்று கேட்கிற பழக்கம் எனக்கு.

கோபுரத்தான்

புறா அண்ணே, கதை பிரமாதம். ஆனால் அது கம்பி, நான் பேசுவது காற்று. ஃபைபரில் அளவு தேவை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், 2014இல் ஜோகன்னஸ்பர்க் பார்க்ஹர்ஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து பேட்டைக்குப் பேட்டை அதுதான் நடக்கிறது. கண்ணாடி இழையில் இடம் தாராளம். அலைக்கற்றை அப்படி இல்லை.

அதோடு, உங்கள் 219 ராண்ட் லைனின் வேகம் 384 கேபிபிஎஸ். அளவு இல்லை என்று சொல்லிவிட்டு, நிறைய இழுத்தால் வேகத்தைக் குறைத்தார்கள். நியாயப் பயன்பாடு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அளவு வேறு வேடத்தில் வந்தது, அவ்வளவுதான்.

ஹில்கிரெஸ்ட் புறா

வேகம் குறைந்தால் பரவாயில்லை தம்பி, பில் ஏறவில்லை! மாதக் கடைசியில் மெயிலாவது வந்தது.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016இல் என் மகன் போனில் பண்டில் (டேட்டா பொட்டலம்) தீர்ந்தது தெரியாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். கம்பெனி பேர் வேண்டாம். பண்டிலுக்கு வெளியே எம்பிக்கு 2 ராண்ட் என்று கழித்தார்கள். ஒரு ஜிபிக்கு 2,000 ராண்டுக்கு மேல் வருகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்றி வைத்திருந்த ஏர்டைம் முழுக்க ஒரு ஓவருக்குள் காலி.

மிட்ராண்ட் தம்பி, உங்கள் மாமியாருக்குப் பாதுகாப்பு என்கிறீர்களே. அவருக்கு வீட்டில் ஃபைபர் வைஃபை இருக்கிறதா இல்லையா?

மிட்ராண்ட்வாசி

இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

அப்போது அவர் அளவில்லாத லைனில்தான் கந்த சஷ்டி கேட்கிறார்.

மிட்ராண்ட்வாசி

சரி, அந்த ரன்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விலை குறைந்திருக்கிறதே அக்கா, அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஜிபி மாதப் பண்டில் 149 ராண்டாக இருந்தது 2020 ஏப்ரலில் 99 ஆனது, அடுத்த வருடம் வோடகாம் கம்பெனியில் 85.

டொங்காட் டீச்சர்

தானாகவா குறைந்தது? 2016இல் ரேடியோக்காரர் டிபோ டச் ஆரம்பித்துவைத்த "டேட்டா மஸ்ட் ஃபால்" (டேட்டா விலை இறங்கியே ஆக வேண்டும்) கூச்சல். அந்த செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு விசாரணை. 2017 ஆகஸ்டில் போட்டி ஆணையம் விசாரிக்க ஆரம்பித்தது. இரண்டு பெரிய கம்பெனிகளும் 30 முதல் 50 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அறிக்கை சொன்ன பிறகுதான் அந்த 99. ஆயா பார்த்த 50 சதவீத மெசேஜும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசாவின் விதியால் வந்தது. 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து 50, 80, 100 சதவீதத்தில் சொல்லியாக வேண்டும், கேட்காமல் பண்டிலுக்கு வெளியே கழிக்கக் கூடாது, மீந்ததை அடுத்த தவணைக்குக் கொண்டுபோக வழி வேண்டும். அதற்கும் இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

மீந்ததைக் கொண்டுபோவது என்பதும் எழுத்தில்தான் அழகு. என் கம்பெனியில் தேதி முடிவதற்கு முன்னால் நாமே ஸ்டார் போட்டு நம்பர் அடித்துக் கேட்க வேண்டும். மறந்தால் போச்சு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் கடைப் பரிசு வவுச்சருக்கே மூன்று வருட ஆயுள் உண்டு. அது டேட்டாவுக்குப் பொருந்துமா என்பது வக்கீல்கள் சண்டை, நான் அதில் இறங்கவில்லை. செருப்புக் கடை வவுச்சர் மூன்று வருடம், ஆயாவின் டேட்டா ஒரு நாள் என்றால் கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

கோபுரத்தான்

டீச்சர், ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்கிற இடத்தில் சொன்னால் முறைப்பார்கள். மாத அளவு நெரிசலைக் குறைக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு டவர் சும்மா நிற்கிறது. அப்போது ஒருவர் 10 ஜிபி இழுத்தாலும் யாருக்கும் வலிக்காது. ராத்திரி எட்டு மணிக்கு 100 எம்பி இழுத்தாலும் வலிக்கும். நெரிசல்தான் காரணம் என்றால் நேரத்துக்குத்தான் விலை வைக்க வேண்டும். 2018இல் ரெய்ன் என்கிற செல்போன் டேட்டா கம்பெனி அதைச் செய்து பார்த்தது. மாலை 6லிருந்து இரவு 11 வரை தவிர மீதி 19 மணி நேரமும் அளவில்லாமல், மாதம் 250 ராண்ட். பண்டில், காலாவதி எதுவும் இல்லாமல் ஜிபி 50 ராண்ட் என்றும் ஒரே விலையில் கொடுத்தார்கள்.

அதனால் என் கட்சி இப்போது இது: அளப்பது தப்பில்லை, ஒரு நாளில் காலாவதி ஆக்குவதற்கு டவர் பக்கம் காரணம் எதுவும் இல்லை. அது விற்பனைப் பிரிவின் வேலை.

ஹில்கிரெஸ்ட் புறா

ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

கோபுரத்தான்

எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, பேர் போடவில்லையே. ஆனால் எல்லாருக்கும் அளவே வேண்டாம் என்கிற கடைக்கார அக்காவின் பேச்சை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டவரில் அது நடக்காது.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

நடக்க வேண்டாம். 20 ராண்டுக்கு வாங்கினது தீரும்வரை கிடக்கட்டும், எம்பி விலை பெரிய பொட்டலத்துக்கும் சின்னதுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அளந்தே விற்கட்டும், நானும் சர்க்கரையை அளந்துதான் விற்கிறேன்.

மிட்ராண்ட்வாசி

இதற்கு நானும் கை தூக்குவேன். எம்பி விலை ஒன்றாக என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை.

கோபுரத்தான்

அதெல்லாம் வரும்போது வரட்டும் அக்கா. இப்போதைக்கு ஆயா போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸுக்குப் போய், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். படம், வீடியோ, ஆடியோ மூன்றிலும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி

இன்றைக்குக் காலையில் எடுத்துவிட்டேன் தம்பி. மத்தியானம் திரும்பி வந்துவிட்டார். "முருகன் ஏன் மங்கலா இருக்கார், கண்ணாடிய மாத்தணுமா?" என்று கேட்கிறார்.